எஞ்சின் தாங்கும், கியர்பாக்ஸ் தாங்குமா? 12 வால்வு கம்மின்ஸ் ட்யூனிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

1996 மாடல் டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்பின் விவரப் பட்டியலில் ஒரே கம்மின்ஸ் எஞ்சினுக்கு இரண்டு கணக்கு இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் 180 ஹெச்.பி., ஐந்து கியர் மேனுவல் என்றால் 215. பிளாக், கிராங்க், ஹெட் எல்லாம் ஒன்றுதான். டீசல் பம்ப் எவ்வளவு டீசல் விட வேண்டும் என்ற அமைப்பிலும் அதைச் சேர்ந்த சில உதிரிகளிலும்தான் வித்தியாசம். அதற்கு முந்தைய 1994, 95 மாடல்களிலும் இதே கதை: ஆட்டோமேட்டிக்குக்கு 160, மேனுவலுக்கு 175.

எஞ்சினுக்கு முடியாததால் குறைக்கவில்லை, பின்னால் இருப்பது தாங்காது என்பதால்தான் குறைத்தார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் இந்த வண்டியின் ட்யூனிங்கில் பாதி புரிந்த மாதிரி. புரியாமல் ஸ்குரூடிரைவரை எடுப்பவர் முதலில் கிளட்ச்சுக்கும் பிறகு கியர்பாக்ஸுக்கும் செலவழிப்பார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1996 முதல் 1998 பாதி வரை வந்த ராம் 2500. 215 ஹெச்.பி. எஞ்சின், என்.வி.4500 என்ற ஐந்து கியர் மேனுவல் பெட்டி. வேலை, பின்னால் டிரெய்லர் இழுப்பது. பந்தயத்துக்குப் போகும் வண்டி வேறு ரகம், அதன் கணக்கும் வேறு.

இலக்கு எவ்வளவு?

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை கொலராடோவின் ஐசனோவர் சுரங்கப்பாதையை அடையும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே ஏற்றம் 6, 7 சதவீதம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்த்து 8 டன் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் பிடிக்க, சரிவின் இழுவை, டயர் உருளும் தடை, காற்றின் தடை எல்லாம் கூட்டினால் சக்கரத்தில் சுமார் 160 கிலோவாட் வேண்டும். எஞ்சினிலிருந்து சக்கரம் போய்ச் சேர்வதற்குள் எட்டில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்று கொண்டால், எஞ்சின் 240 ஹெச்.பி.க்கு மேல் தர வேண்டும். 215 போதாது. வண்டி 70 பக்கம் இறங்கி, லாரிகளோடு சேர்ந்து வலது ஓரமாக ஏறும்.

300 ஹெச்.பி. இருந்தால் அதே ஏற்றத்தை 90க்கு மேல் ஏறலாம். ஆகவே இந்த ஆய்வின் இலக்கு 300. 600, 800 என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிகள் பெரும்பாலும் டிரெய்லரை இழுப்பதில்லை, டிரெய்லரில் ஏறிப் போகின்றன.

இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது

கம்மின்ஸ் நிறுவனமும் ஜே.ஐ. கேஸ் நிறுவனமும் சேர்ந்து 1980களில் உருவாக்கிய பி வரிசை எஞ்சின் இது. விவசாய இயந்திரம், கட்டுமான இயந்திரம், நடுத்தர லாரி எல்லாவற்றுக்கும் பொது. ஆறு சிலிண்டர் வரிசையாக, சிலிண்டருக்கு இரண்டு வால்வு (அதுதான் 12 வால்வு), 102 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), மொத்தம் 5.9 லிட்டர். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. டைமிங் செயின் கிடையாது, எல்லாம் கியர். எடை மட்டும் அரை டன்னை ஒட்டி வரும். 1989 மாடலில்தான் டாட்ஜ் பிக்கப்புக்குள் இறங்கியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான பொருள் இல்லை. டாடா 1613 லாரியில் ஓடியது இதே குடும்பத்து 5.9 லிட்டர் எஞ்சின்தான், ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்தது. அங்கே 16 டன் லாரிக்கு 130 ஹெச்.பி., இங்கே நாலு டன்கூட இல்லாத பிக்கப்புக்கு 215. லாரி எஞ்சின் நாள் முழுக்க ஏறக்குறைய முழுச் சுமையில் ஓட வேண்டும். பிக்கப்பில் முழுச் சுமை என்பது எப்போதோ சில நிமிடம். ஒரே இரும்புக்கு எத்தனை ஹெச்.பி. எழுதலாம் என்பதை அது எவ்வளவு நேரம் அந்தச் சக்தியைத் தர வேண்டும் என்பதே தீர்மானிக்கிறது. ட்யூன் செய்கிற எவரும் இந்தக் கணக்கைத்தான் மாற்றி எழுதுகிறார், தெரிந்தோ தெரியாமலோ.

பம்ப்புக்குள்ளே

1994இல் பழைய சுழல் பம்ப்பை எடுத்துவிட்டு பாஷ் பி7100 என்ற வரிசைப் பம்ப்பை வைத்தார்கள். கனரக வாகனங்களுக்கென்றே செய்த ரகம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ள ஒரு பிளஞ்சர், அதாவது சிறு உருளைத் தண்டு, விட்டம் 12 மி.மீ. பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு. ரேக் என்ற நீளமான கம்பி நகர்ந்தால் ஆறு பிளஞ்சர்களும் ஒன்றாகத் திரும்பும். திரும்பினால் சாய்வு வெட்டு துளையைத் திறக்கும் நேரம் மாறும், உள்ளே போகும் டீசல் கூடும் அல்லது குறையும். கம்ப்யூட்டர் கிடையாது. ரேக் எவ்வளவு நகரலாம் என்பதுதான் இந்த வண்டியின் சக்தி.

எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று பாருங்கள். 215 ஹெச்.பி. எடுக்க நிமிடத்துக்கு 2,600 சுற்றில் ஒவ்வொரு பீச்சலுக்கும் தோராயமாக 90 கன மி.மீ. டீசல் வேண்டும். 12 மி.மீ. பிளஞ்சர் ஒரு மி.மீ. உயர்ந்தாலே 113 கன மி.மீ. தள்ளும். அதாவது 215 ஹெச்.பி.யும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான பயனுள்ள உயர்வுக்குள் அடங்கிவிடுகிறது. 300க்கு வேண்டியது சுமார் 125 கன மி.மீ. குழாயின் விரிவு, டீசலின் அமுக்கம் இதையெல்லாம் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் கூடும், ஆனால் அளவு இதுதான். பம்ப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ரேக்கைத் தடுத்து நிறுத்துவது இரண்டு. ஒன்று, எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் டீசலைக் குறைக்கும் கவர்னர் மேலிருக்கும் ஃப்யூவல் பிளேட். வளைவாக வெட்டிய சிறு இரும்புத் தகடு. எந்தச் சுற்றில் ரேக் எவ்வளவு போகலாம் என்பதற்கு அதன் வளைவே சட்டம். இன்னொன்று ஏ.எஃப்.சி. எனப்படும் பூஸ்ட் கட்டுப்பாடு. பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம். டர்போ காற்று வந்து ஒரு டயஃப்ரமை அழுத்தினால்தான் அது ரேக்குக்கு வழிவிடும். காற்று வருமுன் டீசலைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல்.

ட்யூனிங்கில் கை வைப்பது இந்த இரண்டிலும்தான். தகட்டை முன்னே நகர்த்துவார்கள், அல்லது வளைவை அரைத்து மாற்றுவார்கள், அல்லது கடையில் கிடைக்கும் வேறு தகட்டைப் போடுவார்கள். கழற்றி எறிந்துவிடுபவர்களும் உண்டு. ஏ.எஃப்.சி. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஸ்டார் வீல் என்ற பல்சக்கரம் மாற்றும். காசே செலவில்லை, மேலே கம்பெனி வைத்த தலை உடையும் சீல் போல்ட் ஒன்றை எடுக்க வேண்டியதுதான் பாடு. இவ்வளவு எளிதாக இருப்பதுதான் பிரச்சினை.

தொடுவதற்கு முன்

சக்தி குறைவு என்று வரும் பல வண்டிகளுக்கு ட்யூனிங் தேவையே இருக்காது. பி7100இன் பின்னால் ஓவர்ஃப்ளோ வால்வு ஒன்று இருக்கிறது. உள்ளே சாதாரண ஸ்பிரிங். அது தளர்ந்தால் பம்ப்புக்குள் டீசல் அழுத்தம் நிற்காது, பிளஞ்சர் அறை முழுதாக நிறையாது, வண்டி சோர்ந்துவிடும். கேஜ் மாட்டி இந்த அழுத்தத்தைப் பார்க்காமல் தகட்டை நகர்த்துவது அநியாயம். டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப், ஃபில்டர், டாங்கியிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாயில் காற்று இழுக்கிறதா, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் இணைப்பு கிழிந்திருக்கிறதா, இவையெல்லாம் அதே பட்டியல்.

இன்னொன்று உயிர்க்கொல்லி. டைமிங் கியர் உறையைப் பிளாக்கோடு நேராக நிறுத்த ஒரு சிறு எஃகு முளை உண்டு. வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து, கியர்களுக்கு நடுவே விழலாம். விழுந்தால் உறை பிளக்கும், கேம் கியர் போகும், சில சமயம் எஞ்சினே போகும். அமெரிக்கப் பட்டறைகளில் இதற்குப் பெயரே 'கில்லர் டவல் பின்'. பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகட்டுத் துண்டை வைத்து முளையை மறித்துவிட்டால் முடிந்தது. முன்பக்க உறையைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். டைமிங் வேலைக்கு, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை மாற்றும் வேலைக்கு, கை வைக்கும்போதே இதையும் முடிப்பது புத்திசாலித்தனம்.

காற்றுக் கணக்கு

டீசலைக் கூட்டுவது எளிது என்று பார்த்தோம். அதை எரிக்கக் காற்று வேண்டும். இந்த எஞ்சின் 2,600 சுற்றில், 20 பி.எஸ்.ஐ. பூஸ்ட்டில், இன்டர்கூலர் ஓரளவு வேலை செய்தால், நிமிடத்துக்குச் சுமார் 18 கிலோ காற்றை விழுங்கும். 215 ஹெச்.பி.க்கான டீசலுக்கு அது 30க்கு 1 என்ற தாராளமான விகிதம். புகை கண்ணுக்குத் தெரியாது. பூஸ்ட்டை மாற்றாமல் 300க்கு ஏற்றினால் 22க்கு 1. 350க்கு ஏற்றினால் 19க்கு 1. கறும்புகை அங்கேதான் வாசலைத் தட்டும்.

ஆக, சமவெளியில் பழைய டர்போவே 300க்குப் போதும். ஹோல்செட் எச்.எக்ஸ்.35 என்ற அந்த டர்போ, பூஸ்ட் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் இறுக்கினால் 30 பி.எஸ்.ஐ.க்கு மேலும் தரும். டீசல் கூடினால் வெளியேறும் வெப்பமும் கூடும், அதனால் டர்போ தானாகவே முன்பைவிட வேகமாகச் சுழலும். ஆனால் 3,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். அதே எடைக் காற்றைத் திரட்ட டர்போ இன்னும் மிகையாகச் சுழல வேண்டும், பிழிந்த காற்று இன்னும் சூடாக வரும். பம்ப்பின் தகட்டுக்கு மலையும் தெரியாது, கடற்கரையும் தெரியாது. டெக்சாஸில் புகையில்லாமல் ஓடிய வண்டி கொலராடோவில் கறுப்பாகக் கக்குவதற்கு இதுதான் காரணம்.

இங்கேதான் வெப்பமானி கட்டாயமாகிறது. டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டுச் சென்சார் வைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் துளையிடும் பயம் இல்லைதான், ஆனால் சுமையில் 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும். கூடவே பின்தங்கியும் காட்டும். தொடர்ந்து இழுக்கும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 675 செல்சியஸ் என்பது இந்த எஞ்சினில் பொதுவாக மதிக்கப்படும் எல்லை. அலுமினியம் 660இல் உருகும். பிஸ்டன் உடனே உருகாமல் இருப்பது, கீழிருந்து எண்ணெய் பீச்சிக் குளிர வைப்பதாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் குளிர்ந்த காற்று வந்து தலையைத் தொடுவதாலும்தான். அந்தத் தயவு பத்து நிமிட ஏற்றத்துக்குப் போதாமல் போகலாம். வேலை வண்டிக்கு ஒரே ஒரு கருவி வாங்கக் காசு இருக்கிறது என்றால் இந்த கேஜை வாங்கு என்பேன், டர்போ பிறகு.

டைமிங்

உமிழ்வு விதிகளுக்காகக் கம்பெனி இந்த எஞ்சினில் பீச்சலைத் தாமதமாக வைத்திருந்தது. சீக்கிரம் பீச்சினால் எரிப்பு சீக்கிரம் முடியும், எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும், டீசலும் கொஞ்சம் மிஞ்சும்; பதிலுக்கு நைட்ரஜன் ஆக்சைடும் சிலிண்டர் அழுத்தமும் ஏறும். பொதுவாக பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 16 டிகிரி முன்னால் வைக்கிறார்கள். வெப்பமானியில் இறங்கும் எண்ணைப் பார்த்து மயங்கி இன்னும் முன்னே தள்ளினால், ஹெட் கேஸ்கெட்டுக்கு வேலை வரும்.

வேலையின் சூட்சுமம் வேறு. பம்ப்பின் தண்டு கூம்பு வடிவம், கியர் அதன்மேல் வெறும் உராய்வில் பிடித்து நிற்கிறது, இரண்டையும் பூட்டி வைக்கும் சாவி (ஆப்பு) கிடையாது. கியரைப் புல்லர் போட்டு விடுவித்து, டயல் கேஜில் பிளஞ்சர் உயரத்தைப் பார்த்து, தண்டைத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். கூம்பில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் கியர் நழுவும். நழுவினால் டைமிங் பின்னால் போய், வண்டி வெண்புகை விட்டு நடுரோட்டில் படுக்கும். பிரேக் கிளீனர் போட்டு இரண்டு பக்கமும் துடைத்து உலரவிடுவதுதான் இந்த மொத்த வேலையிலும் முக்கியமான ஐந்து நிமிடம்.

முறுக்குவிசையா, சுற்றா?

என்.வி.4500 பெட்டிக்கு உள்ளே வரும் முறுக்குவிசை சுமார் 460 பவுண்ட்-அடி வரைதான் என்று வரம்பு சொல்வார்கள், ஏறக்குறைய 620 நியூட்டன் மீட்டர். கம்பெனி இந்த எஞ்சினுக்கு எழுதிய எண் 440 பவுண்ட்-அடி. சந்தேகம் இன்னும் இருந்தால் இதுதான் சாட்சி. எஞ்சினை நிறுத்திவைத்த இடம் கியர்பாக்ஸின் வாசற்படி.

இப்போது 300 ஹெச்.பி.யை இரண்டு வழியில் எடுக்கலாம். கவர்னரைத் தொடாமல் 2,500 சுற்றிலேயே எடுத்தால் 854 நியூட்டன் மீட்டர் வேண்டும். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி, 3,000 சுற்று வரை டீசல் வெட்டாமல் வைத்து அங்கே எடுத்தால் 712 போதும். சக்கரத்தில் கிடைப்பது ஒரே சக்தி. கியர்பாக்ஸ் உணர்வது 142 நியூட்டன் மீட்டர் குறைவு. வேலை வண்டிக்கு நான் முதல் மாற்றமாக கவர்னர் ஸ்பிரிங்கைச் சொல்வது இதனால்தான். பழைய ஸ்பிரிங்கில் 2,500ஐத் தாண்டும்போதே டீசலைப் பிடுங்க ஆரம்பித்துவிடும், அடுத்த கியர் போடும்போது சுற்று பூஸ்ட்டுக்குக் கீழே விழும், ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். 3,000 வரை விட்டால் கியர்களுக்கிடையே உள்ள பள்ளம் மறையும்.

கூடவே வலுவான வால்வு ஸ்பிரிங் போடுவது நல்லது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகைவழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் கருவி) வைக்கும் வண்டிக்கென்று இருக்கும் 60 பவுண்ட் ஸ்பிரிங்கே போதும். மலையில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேண்டியதாயிற்றே; ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் 8 டன் இறங்குவதைப் பற்றிப் பேசக் காணோம்.

ஸ்டார் வீலை அதிகம் திருப்புவதில் உள்ள ஆபத்தும் இப்போது புரியும். அது 1,500, 1,600 சுற்றிலேயே டீசலைத் திறந்துவிடும். அந்தச் சுற்றில் கொஞ்சம் கூட்டினாலும் முறுக்குவிசை மலைபோல் ஏறும். ஓட்டுபவருக்கு முதுகில் தள்ளும் அந்தச் சுகம்தான் பிடிக்கும். கிளட்ச் தட்டுக்கு அதுதான் பிடிக்காது. முதலில் மேல் கியரில், ஏற்றத்தில், எஞ்சின் சுற்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. அதுதான் கிளட்ச் நழுவும் அறிகுறி. 300க்குப் போகும் வண்டியில் கிளட்ச் மாற்றும் செலவைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கிளட்ச் வலுவானதும் அடி அடுத்த இடத்துக்குப் போகும். என்.வி.4500இன் தெரிந்த பலவீனம் ஐந்தாவது கியரைப் பிடிக்கும் பின்பக்க நட். அது தளர்ந்தால் ஐந்தாவது கியர் மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒரு நாள் லீவர் ஐந்தில் இருக்கும், வண்டி நியூட்ரலில் ஓடும். பளுவோடு ஐந்தில் குறைந்த சுற்றில் முக்கி முக்கி இழுக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தும். நான்காவது கியர் நேர்வழி, எஞ்சின் தண்டும் வெளித்தண்டும் ஒன்றாகச் சுழலும். ஏற்றத்துக்கு அதுதான் இடம். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். 47ஆர்.இ. என்ற அந்தப் பெட்டிக்கு டார்க் கன்வெர்ட்டரும் (கிளட்ச்சின் இடத்தில் இருப்பது) வால்வு பாடியும் (கியர் மாற்றும் எண்ணெய் அழுத்தத்தை ஆள்வது) மாற்றாமல் டீசலைக் கூட்டுவது வீண் செலவு.

ஆகவே இந்த வண்டிக்கு நான் எழுதும் வரிசை: பழுது பார்த்தல், முளையை மறித்தல், வெப்பமானியும் பூஸ்ட் கேஜும், கவர்னர் ஸ்பிரிங்கும் வால்வு ஸ்பிரிங்கும், டைமிங், கிளட்ச். தகடு கடைசி, அதுவும் கேஜைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக. நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

புகையும் சட்டமும்

அமெரிக்காவின் சுத்தக் காற்றுச் சட்டம் உமிழ்வு அமைப்பைக் கெடுப்பதைத் தடை செய்கிறது. வண்டி பழசு என்பது விலக்கு இல்லை. வேண்டுமென்றே கறும்புகை கக்க வைக்கும் மாற்றங்களை நியூ ஜெர்சி 2015இல் தனியாகவே தடை செய்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய பத்தாண்டில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் உமிழ்வுக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. அவை பெரும்பாலும் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி வந்த பிறகான வண்டிகள். 12 வால்வு வண்டியில் டி.பி.எஃப். கிடையாது. ஆனால் புகை அளவு தாண்டினால் பரிசோதனை உள்ள மாநிலங்களில் தேறாது. ஏ.எஃப்.சி.யைச் சரியாக வைத்த வண்டி புகை விடாது என்பதால், வேலை வண்டியின் நலனும் சட்டமும் இங்கே ஒரே பக்கம்தான்.

கம்பெனியே செய்த ட்யூனிங்

தனியார் பட்டறைகள் இப்படி 300ஐத் தேடிக்கொண்டிருக்க, கம்பெனியும் அதே பாதையில்தான் நடந்தது. 1998 பாதியில் 24 வால்வு ஹெட்டும் எலெக்ட்ரானிக் பம்ப்பும் வந்தன. 2001இல் 245 ஹெச்.பி., 505 பவுண்ட்-அடி என்று ஒரு ரகம் விட்டார்கள். ஆறு கியர் மேனுவல் பெட்டியோடு மட்டும். ஆட்டோமேட்டிக் கேட்டவருக்கு இல்லை. 2003இல் காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் முறை. 2004 நடுவில் அதே 102க்கு 120 அளவுள்ள எஞ்சின் 325 ஹெச்.பி.யும் 600 பவுண்ட்-அடியும் தந்தது, புகையில்லாமல், உத்தரவாதத்தோடு. ஒரே ஸ்ட்ரோக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பீச்ச முடிந்ததால் இது சாத்தியம். பி7100ஆல் அது ஒருபோதும் முடியாது.

2007இல் 5.9 போய் 6.7 லிட்டர் வந்தபோது விவரப் பட்டியலில் மறுபடியும் இரண்டு கணக்கு. இரண்டு கியர்பாக்ஸுக்கும் 350 ஹெச்.பி.தான், முறுக்குவிசை மட்டும் 650, 610 என்று பிரிந்தது. இந்த முறை 610 என்ற சிறிய எண் மேனுவலுக்கு. ஆட்டோமேட்டிக் பெட்டி பலமாகிவிட்டது, பெரிய எண்ணும் அதன் பக்கம் போய்விட்டது. 2013இல் ஆட்டோமேட்டிக்குக்கு 850 பவுண்ட்-அடி வரை எழுதினார்கள், மேனுவலுக்கு 660. 2018 மாடலுக்குப் பிறகு அந்தப் பிக்கப்பில் மேனுவல் கியர்பாக்ஸே வரவில்லை.